பிழை விழுந்ததும் கை எங்கே போகிறது?

ஒருவர் எந்தக் காலத்தில் டைப் அடிக்கக் கற்றார் என்று தெரிய வேண்டுமா? அவருடைய வேகத்தைப் பார்க்க வேண்டாம், எத்தனை விரல் ஓடுகிறது என்று எண்ணவும் வேண்டாம். ஒரு எழுத்து தப்பாக விழுந்ததும் என்ன நடக்கிறது என்று கவனித்தால் போதும். தட்டச்சுப் பொறியில் பழகியவர் ஒரு கணம் நின்றுவிடுவார், முகம் லேசாகச் சுருங்கும். கணினியில் பழகியவரின் வலது சுண்டுவிரல் அவருக்கே தெரியாமல் பேக்ஸ்பேஸைத் தொட்டுவிட்டுத் திரும்பியிருக்கும். போனில் பழகிய பிள்ளை நிற்கவே நிற்காது. தப்பை அப்படியே விட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடும். திருத்துவது போனின் வேலை.

தட்டச்சில் தலைமுறைகளைப் பிரிப்பது இந்தப் பிழையின் விலைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு தப்பு ஒரு முழுப் பக்கத்தையே காவு வாங்கிய காலத்தில் தட்டச்சைப் பள்ளியும் பயிற்சி வகுப்பும் சொல்லிக்கொடுத்தன. தப்புக்குச் செலவே இல்லை என்றானதும் பிள்ளைகள் வீட்டிலேயே, யாரும் சொல்லிக்கொடுக்காமல், தாங்களாகவே கற்றுக்கொள்ள ஆரம்பித்தார்கள். எந்த விரல் எந்த விசைக்கு, கண் எங்கே இருக்க வேண்டும், தாளம் எப்படி இருக்க வேண்டும் என்ற பழைய விதிகள் பலவற்றுக்கும் இதிலிருந்தே காரணம் கிடைக்கிறது.

ஆரம்பத்திலிருந்து பார்ப்போம். ஷோல்ஸ் என்ற அமெரிக்கரும் அவருடைய கூட்டாளிகளும் 1868இல் காப்புரிமை வாங்கிய தட்டச்சுப் பொறியை ரெமிங்டன் நிறுவனம் 1874இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதில் பெரிய எழுத்துகள் மட்டும்தான். சிறிய எழுத்தும் ஷிஃப்ட் விசையும் 1878இல் அடுத்த மாதிரியோடுதான் வந்தன. அதைவிட முக்கியமான குறை வேறொன்று. எழுத்துக் கம்பிகள் காகிதம் சுற்றிய உருளைக்கு அடியிலிருந்து மேலே போய்க் காகிதத்தை அடித்தன. அடிக்கிற வரி அடிப்பவர் கண்ணுக்குத் தெரியாது. பார்க்க வேண்டுமென்றால் அந்த உருளையைத் தாங்கும் வண்டியைத் தூக்கிப் பார்க்க வேண்டும், அல்லது இன்னும் சில வரிகள் அடித்து அது மேலே வரும்வரை காத்திருக்க வேண்டும். தப்பு எப்போது நடந்தது என்றே தெரியாத ஒரு பொறியில் கற்றுக்கொள்வதை நினைத்துப் பாருங்கள்!

வரி கண்ணுக்குத் தெரிகிற பொறிகள் வந்த பிறகும் நிலைமை பெரிதாக இளகவில்லை. கார்பன் தாள் வைத்து நான்கு பிரதி எடுக்கும்போது ஒரு எழுத்து தப்பினால் நான்கிலும் தப்பும். ஒவ்வொரு பிரதிக்கும் பின்னால் ஒரு துண்டு அட்டையைச் செருகி, தனித்தனியாக அழித்து, பிறகு வண்டியைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்து மறுபடி அடிக்க வேண்டும். பெட் நெஸ்மித் கிரஹாம் என்ற அமெரிக்கச் செயலாளர் 1950களில் ஒரு சின்னப் புட்டியில் வெள்ளைச் சாயத்தை ஊற்றி அலுவலகத்துக்கு எடுத்துப்போய், தன் பிழைகள் மேல் தூரிகையால் பூசினார். அதுதான் பிற்பாடு லிக்விட் பேப்பர் ஆனது. 1979இல் அந்தத் தொழிலை அவர் விற்றபோது கிடைத்தது 4 கோடியே 75 லட்சம் டாலர். ஒரு எழுத்தைத் திருத்துவது எவ்வளவு பெரிய தொல்லையாக இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. அடித்த எழுத்தைப் பொறியே ஒட்டி எடுத்துவிடும் வசதி ஐபிஎம்மின் செலெக்ட்ரிக் என்ற மின் தட்டச்சுப் பொறி வரிசையில் 1973இல்தான் வந்தது.

போட்டிகளும் இதே கணக்கில்தான் நடந்தன. பெரிய வேகப் போட்டிகளில் ஒரு பிழைக்குப் பத்துச் சொல் கழிப்பார்கள். ஆல்பர்ட் டங்கோரா 1923இல் ஒரு மணி நேரம் தொடர்ந்து அடித்து நிமிடத்துக்கு 147 சொல் என்ற சாதனையைச் செய்தார். அந்த 147, கழித்தது போக மிஞ்சியது. ஐந்து தட்டுக்கு ஒரு சொல் என்று எண்ணும் இன்றைய வழக்கமும் இந்தத் தட்டச்சுப் பொறி உலகத்திலிருந்தே வருகிறது.

அந்த வகுப்புகளின் கெடுபிடி இப்போது புரிகிறது அல்லவா? ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே என்று பக்கம் பக்கமாக அடிக்கச் சொன்னது சும்மா இல்லை. பழைய விசை ஒன்றை இறக்க விரலில் வலு வேண்டும். சுண்டுவிரலுக்கு வலு பத்தாது என்பதால் அது அடிக்கும் எழுத்து மட்டும் காகிதத்தில் வெளிறி விழும். இரண்டு விசைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அவசரமாகத் தட்டினால் கம்பிகள் நடுவழியில் சிக்கிக்கொள்ளும். அதனால் சீரான தாளம் வேண்டும் என்றார்கள். சில வகுப்புகளில் இசைத்தட்டு ஓடவிட்டு அதன் தாளத்துக்கு அடிக்க வைத்தார்கள். உண்மையில் தேர்ந்த தட்டச்சர்கள் யாருமே ஒரே தாளத்தில் அடிப்பதில்லை. இரண்டு கையும் மாறி மாறி வரும் எழுத்து ஜோடிகள் வேகமாக விழும், ஒரே விரல் இரண்டு முறை போக வேண்டிய ஜோடிகள் மெதுவாக விழும். ஆனால் கற்கிறவருக்குத் தாளம் ஒரு கடிவாளம். பொறி சிக்காமல் இருக்க அது உதவியது.

பாராமல் அடிப்பது என்ற விதிக்கு வேறொரு கதை உண்டு. 1888 ஜூலை 25ஆம் தேதி அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் ஒரு போட்டி நடந்தது. ஒரு பக்கம் ஃபிராங்க் மெக்கரின், நீதிமன்றச் சுருக்கெழுத்தர். விசைகளின் இடத்தை மனப்பாடம் செய்து, பலகையைப் பார்க்காமல் அடிப்பவர். எதிரே லூயி டிராப். பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் தனித்தனி விசை வைத்த பொறியில், விசைகளைப் பார்த்து அடிப்பவர். சொல்வதைக் கேட்டு அடிப்பது ஒரு சுற்று, எழுதியதைப் பார்த்து அடிப்பது ஒரு சுற்று. இரண்டிலும் மெக்கரின் ஜெயித்தார். இதில் கவனிக்க வேண்டியது இரண்டாவது சுற்று. பார்த்து அடிக்க வேண்டி வந்தபோது டிராப் இன்னும் பின்தங்கினார், ஏனென்றால் அவர் கண் காகிதத்துக்கும் விசைக்கும் நடுவே ஓடிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. வேடிக்கை என்னவென்றால், பின்னாளில் வகுப்புகளெல்லாம் கட்டாயமாக்கிய இந்த முறையை மெக்கரின் எந்த வகுப்பிலும் கற்கவில்லை. தானாகவே பழகிக்கொண்டார்.

அந்தப் போட்டி இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கிறது. அன்றைக்குத் தட்டச்சர் என்பவர் பெரும்பாலும் இன்னொருவர் எழுதியதைப் படியெடுப்பவர். பக்கத்தில் ஒரு கையெழுத்துப் பிரதி, கண் அதில், கை பொறியில். சொந்தமாக யோசித்து எழுதுகிற வேலை அவருடையது அல்ல. கண்ணை விசைப்பலகையிலிருந்து பிடுங்கி எடுக்கும் விதி அந்த வேலைக்குக் கச்சிதமாகப் பொருந்தியது.

கணினி வீட்டுக்குள் வந்தபோது இரண்டுமே ஒரே நேரத்தில் கழன்றுவிட்டன. பேக்ஸ்பேஸ் வந்ததும் பிழைக்கு விலையே இல்லாமல் போயிற்று. படியெடுக்க வேண்டிய காகிதமும் பக்கத்திலிருந்து போயிற்று, ஏனென்றால் வீட்டில் உட்கார்ந்து டைப் செய்கிற பிள்ளை தன் சொந்தச் சொல்லைத்தான் எழுதுகிறது. விளையாட்டில் எதிராளியைத் திட்ட, நண்பனுக்குப் பதில் போட, தேடுபெட்டியில் ஒன்றைத் தேட. பள்ளி கொடுக்காத ஒன்றை வீடு கொடுத்தது, அதாவது அவசரம். மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருக்கும் அரட்டையில் நீங்கள் பதில் அடித்து முடிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். இதைவிடக் கண்டிப்பான வாத்தியார் கிடையாது.

வீட்டுக்கென்று பயிற்சி மென்பொருள்களும் வந்தன. 1987இல் வெளியான மேவிஸ் பீக்கன் அவற்றில் மிகப் பிரபலம். அட்டையில் புன்னகைத்த அந்த ஆசிரியை நிஜமானவர் என்று பலர் நம்பியிருந்தார்கள். அவர் கற்பனைப் பாத்திரம், படத்தில் இருந்தவர் ஒரு மாடல். தட்டச்சு ஆசிரியரே இல்லாத தலைமுறைக்கு இல்லாத ஒரு ஆசிரியர் பாடம் நடத்தினார். பரவாயில்லை, பொருத்தமாகத்தான் இருக்கிறது.

சரி, இப்படி வகுப்புக்கே போகாமல் வீட்டில் பழகியவர்கள் மெதுவாகவா அடிக்கிறார்கள்? பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் 30 பேரின் விரல் அசைவுகளையும் கண் அசைவுகளையும் கேமராக்களால் அளந்து பார்த்தார்கள். பத்து விரல் முறை கற்றவர்களுக்கு இணையான வேகத்தில், ஆறு ஏழு விரலால் அடிப்பவர்களும் இருந்தார்கள். வேகத்தைத் தீர்மானித்தது விரல் எண்ணிக்கை அல்ல. ஒரு எழுத்துக்கு எப்போதும் அதே விரலைக் கொண்டுபோவது, கையை அதிகம் நகர்த்தாமல் வைப்பது, அடுத்த விசைக்கு விரலை முன்கூட்டியே அனுப்பிவைப்பது, இவைதான் தீர்மானித்தன. இரண்டு ஆண்டு கழித்து, 1,68,000 பேர் இணையத்தில் அடித்த 13 கோடிக்கும் மேற்பட்ட விசைத்தட்டுகளை வைத்து நடந்த இன்னொரு ஆய்விலும் இதுவேதான் தெரிந்தது. அதில் சராசரி வேகம் நிமிடத்துக்கு 52 சொல். வேகமாக அடிப்பவர்கள் ஒரு விசையை விடுவதற்கு முன்பே அடுத்ததை அழுத்திவிடுகிறார்கள், அதுவும் மொத்தத் தட்டுகளில் 40 முதல் 70 சதவீதம் வரை. பழைய பொறியில் இப்படிச் செய்திருந்தால் கம்பிகள் கொத்தாகச் சிக்கியிருக்கும். தாத்தாவின் வகுப்பில் அடி வாங்கித் தந்திருக்கக்கூடிய பழக்கம், பேரனின் வேகத்துக்கு மூலதனம்!

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் பத்து விரல் பயிற்சி வீண் என்று முடிவு கட்டுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவ்வளவு அவசரம் வேண்டாம். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் கோர்டன் லோகன் குழுவினர் முறைப்படி அடிப்பவர்களையும் தன் போக்கில் அடிப்பவர்களையும் ஒப்பிட்டபோது, முறைப்படி அடிப்பவர்கள் கொஞ்சம் வேகமாகவே இருந்தார்கள். விசைப்பலகையை மறைத்ததும் வித்தியாசம் இன்னும் விரிந்தது. தானாகக் கற்றவர்கள் கண்ணை நம்பியிருக்கிறார்கள், அந்தக் கண்ணை எடுத்ததும் தடுமாறுகிறார்கள். ஆக வகுப்பு கொடுத்ததும் வீடு கொடுக்காததும் இந்த ஒன்றுதான் என்று சொல்லலாம். சொந்தமாக எழுதும்போது குனிந்து பார்ப்பதால் பெரிய நஷ்டமில்லை. ஒரு பட்டியலைப் பார்த்து உள்ளிடும்போதும், ஒருவர் பேசப் பேச முகம் பார்த்துக்கொண்டே குறிப்பெடுக்கும்போதும் நஷ்டம் தெரியும்.

கண் விலகியதும் அந்த அறிவு எங்கே போய்ச் சேர்கிறது? இது எனக்கு மிகப் பிடித்த பகுதி. 2014இல் லோகனும் சகாக்களும், நிமிடத்துக்குச் சராசரியாக 72 சொல் அடிக்கக்கூடிய நூறு பேரிடம் வெறும் கட்டங்கள் மட்டும் வரைந்த விசைப்பலகைப் படத்தைக் கொடுத்து, 80 நொடியில் எழுத்துகளை நிரப்பச் சொன்னார்கள். 26 எழுத்தில் சராசரியாக 15ஐத்தான் அவர்களால் சரியான இடத்தில் எழுத முடிந்தது. நீங்களும் இப்போதே முயன்று பார்க்கலாம். விரலுக்குத் தெரிந்தது வாய்க்குத் தெரியாது.

அதற்கு முன்பு 2010இல் லோகனும் மேத்யூ கிரம்ப்பும் செய்த சோதனை இன்னும் குறும்பானது. ஒருவர் சரியாக அடித்தபோது திரையில் வேண்டுமென்றே பிழையைக் காட்டினார்கள். பிழையாக அடித்தபோது சத்தமில்லாமல் திருத்திக் காட்டினார்கள். கேட்டபோது அவர்கள் திரை சொன்னதையே நம்பினார்கள். திருத்திக் காட்டப்பட்டதைத் தாங்கள் சரியாக அடித்தது என்றே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் விரல்கள் ஏமாறவில்லை. உண்மையாகவே பிழை செய்த பிறகு மட்டும் விரல்களின் வேகம் ஒரு கணம் குறைந்தது. திரையில் புகுத்திய பொய்ப் பிழைக்கு விரல்கள் அசைந்துகொடுக்கவில்லை. ஆக பிழையைக் கண்காணிக்க நமக்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள்: ஒருவர் திரையைப் பார்க்கிறார், இன்னொருவர் கையிலேயே இருக்கிறார். திரையே இல்லாத, வரியும் கண்ணுக்குத் தெரியாத அந்த முதல் பொறிகளில் அடித்தவர்களுக்கு இரண்டாமவர் மட்டும்தான் துணை.

தானாகக் கற்றவர்கள் ஒரு வேகத்தில் வந்து நின்றுவிடுவதற்கும் பழைய விளக்கம் ஒன்று உண்டு. பிரையன், ஹார்ட்டர் என்ற இருவர் 1897லும் 1899லும் தந்தி இயக்குநர்கள் கற்கும் விதத்தை ஆராய்ந்தார்கள். முன்னேற்றம் நேர்கோட்டில் போகவில்லை. நடுவில் வாரக்கணக்கில் சமதளமாக நின்றுவிட்டு மறுபடி ஏறியது. முதலில் எழுத்து எழுத்தாக, பிறகு சொல்லாக, பிறகு சொற்றொடராகக் கை பிடித்துக்கொள்வதாலும், ஒவ்வொரு கட்டத்துக்கும் நேரம் பிடிப்பதாலும் இப்படி ஆகிறது என்றார்கள். வகுப்பில் இருப்பவரை அந்தச் சமதளத்திலிருந்து ஆசிரியர் தள்ளிவிடுவார். வீட்டில் தள்ளிவிட ஆளில்லை, காரியம் நடந்தால் போதும் என்று அங்கேயே குடியேறிவிடுகிறோம். பெரியவர்கள் நடுவயதில் பத்து விரலுக்கு மாற முயன்று கைவிடுவதும் இதனால்தான். பழைய வேகம் உடனே போய்விடும், புதியது வரச் சில வாரங்கள் ஆகும், நடுவில் மின்னஞ்சல்கள் காத்திருக்காது.

அப்புறம் கட்டைவிரல் தலைமுறை. 2019இல் 37,000 பேரைப் போனில் அடிக்க வைத்து அளந்தபோது சராசரி நிமிடத்துக்கு 36 சொல் வந்தது, இரண்டு கட்டைவிரலால் அடித்தவர்களுக்கு 38. பதின்வயதுப் பிள்ளைகள் தங்கள் பெற்றோர் வயதுக்காரர்களை நிமிடத்துக்குச் சுமார் பத்துச் சொல் முந்தினார்கள். இதை எந்தப் பள்ளியும் சொல்லிக்கொடுக்கவில்லை. போன் தானாகத் திருத்துவது வேகத்தைக் கூட்டியது. மேலே வரும் சொற்களிலிருந்து ஒன்றைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதோ வேகத்தைக் குறைத்தது. மெக்கரினுக்கு எதிரே டிராப் தோற்ற அதே காரணம்தான் இங்கேயும்: கண் ஒரு வேலைக்குப் போனால் கை காத்திருக்கிறது.

தமிழில் இன்னும் ஒரு சிக்கல் கூடுகிறது. மூன்று தலைமுறையும் ஒரே விசைப்பலகையில்கூட இல்லை. ‘கொ’ என்ற எழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தட்டச்சுப் பொறியில் பழகியவர் முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு க, பிறகு கால் என்று கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் அடிப்பார். 1999இல் வந்த தமிழ்99 முறையில் கற்றவர் க தட்டி ஒ தட்டுவார், காதுக்குக் கேட்கிற வரிசையில். அதில் உயிரெழுத்துகள் இடது கையிலும் மெய்கள் வலது கையிலும் இருப்பதால் கைகள் மாறி மாறிப் போகும், க இரண்டு முறை தட்டினால் முதல் ககரத்துக்குப் புள்ளி தானாக விழும். இளையவரோ கே, ஓ என்ற இரண்டு ரோமன் எழுத்துகளைத் தட்டுவார், தமிழை ஆங்கில எழுத்துக்கூட்டலில் யோசித்துக்கொண்டு. ஒரே வீட்டில் இந்த மூவரும் இருந்தால் ஒருவர் விசைப்பலகையில் மற்றவரால் ஒரு வரி அடிக்க முடியாது. மூன்றில் தமிழ்99தான் கைக்கு இதமானது என்பது என் கட்சி. ஆனால் வீட்டில் தானாகக் கற்பவர் ஏற்கெனவே தெரிந்ததன் மேல்தான் ஏறி நிற்பார், ரோமன் எழுத்து ஏற்கெனவே விரலில் இருக்கிறது.

பள்ளிகள் இதையெல்லாம் முழுக்கக் கைவிட்டுவிடவில்லை, கேட்பதை மாற்றிக்கொண்டன. அமெரிக்காவின் பல மாநிலங்கள் ஏற்ற 2010ஆம் ஆண்டுப் பொதுப் பாடத்தரம், நான்காம் வகுப்பில் ஒரே அமர்வில் குறைந்தது ஒரு பக்கம், ஐந்தாம் வகுப்பில் இரண்டு, ஆறாம் வகுப்பில் மூன்று பக்கம் டைப் செய்ய வேண்டும் என்கிறது. எந்த விரல், எத்தனை பிழை என்ற பேச்சே அதில் இல்லை. பின்லாந்து 2016இல் எழுத்துகளைச் சேர்த்துச் சேர்த்து எழுதும் கூட்டெழுத்தைக் கட்டாயப் பாடத்திலிருந்து எடுத்துவிட்டு விசைப்பலகைக்கு இடம் கொடுத்தது. ஆனால் மிகச் சின்ன வயதில் விசைப்பலகை கையெழுத்துக்கு மாற்றாகாது. இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகளை வைத்து 2012இல் வெளியான ஓர் ஆய்வில், எழுத்தைக் கையால் எழுதிப் பழகிய பிறகுதான் அதைப் பார்க்கும்போது மூளையின் வாசிப்புப் பகுதிகள் விழித்துக்கொண்டன. விசையைத் தட்டிப் பழகியதில் அது நடக்கவில்லை. கையும் சிறியது, விசைகளுக்கு எட்டாது. எட்டு ஒன்பது வயதுக்குமேல் ஆரம்பித்தால் போதும்.

வயது என்றதும் மறுகோடியையும் சொல்லிவிட வேண்டும். திமதி சால்ட்ஹவுஸ் 1984இல் 19 முதல் 72 வயது வரையிலான தட்டச்சர்களைச் சோதித்தார். ஒரு எழுத்து தெரிந்ததும் அதற்குரிய விசையைத் தட்டு என்பது போன்ற சின்னச் சோதனைகளில் வயதானவர்கள் எதிர்பார்த்தபடியே மெதுவாக இருந்தார்கள். ஆனால் ஒரு பக்கத்தைப் படியெடுக்கச் சொன்னபோது இளையவர்களுக்குச் சளைக்கவில்லை. எப்படி என்று தோண்டியபோது விடை கண்ணில் இருந்தது. கை ஒரு எழுத்தை அடித்துக்கொண்டிருக்கும்போது அவர்கள் கண் காகிதத்தில் இளையவர்களைவிட இன்னும் சில எழுத்து முன்னால் போயிருந்தது. அடுத்து வரும் எழுத்துகளை மறைத்து, ஒன்றிரண்டை மட்டும் காட்டியபோது அந்த அனுகூலம் மறைந்து, வயது தெரிய ஆரம்பித்தது.